அமிலமும் காரமும்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாக வேதியியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அமிலம், காரம் பாடம் வந்தால் வருடா வருடம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான். சிலவற்றைப் பெற்றோரும் கேட்பார்கள். எல்லாவற்றையும் இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். படிக்கும் முன் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பாடம் அதில் கண்ணெதிரே நடக்கும்.

அமிலம் என்றால் என்ன, காரம் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முடியும். ஹைட்ரஜன் அணுவில் இருப்பது ஒரு புரோட்டானும் ஒரு எலக்ட்ரானும்தான். எலக்ட்ரானை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் புரோட்டான். அதுதான் ஹைட்ரஜன் அயனி (மின்சுமை உள்ள அணுவோ அணுக்கூட்டமோதான் அயனி). இந்தப் புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம். இந்தப் பாடம் முழுக்க இந்த ஒரு கொடுக்கல் வாங்கல்தான்.

கொடுப்பவர் இருந்தால் வாங்குபவரும் இருக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் தண்ணீரில் கரையும்போது அது கொடுக்கும் புரோட்டானைத் தண்ணீர் மூலக்கூறு வாங்கிக்கொண்டு ஹைட்ரோனியம் அயனியாகிறது. அந்த இடத்தில் தண்ணீர் காரம். அதே தண்ணீரில் அம்மோனியாவைக் கரைத்தால், தண்ணீர் தன் புரோட்டானை அம்மோனியாவுக்குக் கொடுத்துவிட்டு ஹைட்ராக்சைடு அயனியாக நிற்கிறது. இங்கே தண்ணீர் அமிலம். ஒரே பொருள், எதிரில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்து வேலை மாறுகிறது. இதை ஈரியல்பு என்பார்கள்.

ஆனால் புத்தகத்தில் "ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம்" என்று இருக்கிறதே?

அதுவும் சரிதான், ஆனால் அது பழைய விளக்கம். சுவீடன் நாட்டு அர்ரீனியஸ் 1884-இல் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வில் உப்புகள் தண்ணீரில் அயனிகளாகப் பிரிகின்றன என்ற கருத்து முளைவிட்டது. தண்ணீரில் ஹைட்ரஜன் அயனி தருவது அமிலம், ஹைட்ராக்சைடு அயனி தருவது காரம் என்ற விளக்கம் அந்த வழியில் வந்ததுதான். 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த விளக்கம் அம்மோனியாவிடம் தடுக்கி விழுகிறது. அம்மோனியா மூலக்கூறில் ஹைட்ராக்சைடே கிடையாது, ஆனால் அது நல்ல காரம். இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மோனியா புட்டியின் மூடியையும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டியின் மூடியையும் திறந்து அருகருகே வைத்தால் இரண்டு வாயுவும் காற்றில் சந்தித்து வெள்ளைப் புகையாக எழும்பும். அந்தப் புகை அம்மோனியம் குளோரைடு, அதாவது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நவச்சாரம். வாயுவும் வாயுவும் சேர்கிற இடத்தில் தண்ணீருக்கு வேலையே இல்லை, ஆனாலும் அமிலமும் காரமும் வினைபுரிந்துவிட்டன. டென்மார்க்கின் பிரான்ஸ்டெட்டும் இங்கிலாந்தின் லௌரியும் 1923-இல் தனித்தனியாகச் சொன்ன புரோட்டான் விளக்கம் இதையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது. அதே வருடம் அமெரிக்காவின் லூயிஸ் எலக்ட்ரான் ஜோடியை வைத்து இன்னும் அகலமான விளக்கம் தந்தார். அதை மேல் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

மிளகாயின் காரமும் இந்தக் காரமும் ஒன்றா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளையை யாரும் சிரித்து உட்கார வைத்துவிடாதீர்கள். தமிழில் படிக்கும் குழந்தைக்கு மட்டுமே வரக்கூடிய நியாயமான சந்தேகம் இது.

ஒன்றல்ல. மிளகாய் எரிவதற்குக் காரணம் கேப்சைசின் என்ற பொருள். அது நாக்கில் சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது, அதனால்தான் வாய் வெந்ததுபோல் தெரிகிறது. வேதியியல் காரத்தின் சுவை கசப்பு, தொட்டால் வழுவழுப்பு. சோப்பு நுரை வாய்க்குள் போயிருந்தால் அந்தக் கசப்பு உங்களுக்கு நினைவிருக்கும். (ஆய்வகத்தில் எதையும் சுவைத்துப் பார்க்கக் கூடாது என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.)

பெயரை நம்பினால் இன்னொரு இடத்திலும் ஏமாறுவோம். வெண்காரம் உண்மையிலேயே காரத்தன்மை உள்ளது. ஆனால் படிகாரத்தைக் கரைத்த தண்ணீர் அமிலத்தன்மை காட்டும். அதில் உள்ள அலுமினியம் அயனி, தன்னைச் சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகளைப் புரோட்டான் கொடுக்க வைக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் இந்தக் குழப்பம் குறைவு. அங்கே பொதுப்பெயர் மூலம், தண்ணீரில் கரையும் மூலத்துக்கு மட்டும்தான் காரம் என்று பெயர். நம் பாடநூலில் தண்ணீரில் கரையும் காரத்தை எரிகாரம் என்கிறோம்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?

இப்போது அந்த மஞ்சள் தண்ணீரை எடுங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை ஒரு மிளகு அளவு எடுத்து, தண்ணீரின் ஓரத்தில் விரலால் தொட்டு விடுங்கள். விரல் பட்ட இடத்திலிருந்து சிவப்பு நூல் நூலாகப் பிரிந்து இறங்கும். கலக்கியதும் கிண்ணம் முழுவதும் ரத்தச் சிவப்பு. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சுற்றிப் போடும் ஆரத்தித் தட்டில் இருப்பது இதேதான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி, காரம் பட்டதும் புரோட்டானை இழந்து நிறம் மாறுகிறது.

அப்புறம் அதே கிண்ணத்தில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். விழுந்த இடம் மஞ்சளாகும், கலக்கினால் திரும்பச் சிவக்கும். இன்னும் சில சொட்டு. ஒரு கட்டத்தில் சிவப்பு திரும்பி வராது, மஞ்சளாகவே நின்றுவிடும். சுண்ணாம்பு முழுவதையும் எலுமிச்சை தீர்த்துவிட்டது என்று அர்த்தம். இழந்த புரோட்டான் குர்குமினுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. வெள்ளைச் சட்டையில் பட்ட சாம்பார்க் கறை சோப்புப் போட்டதும் சிவந்துபோய், நன்றாக அலசியதும் மஞ்சளாவதும் இதனால்தான்.

மஞ்சளிடம் ஒரு குறை உண்டு. அமிலத்துக்கும் வெறும் தண்ணீருக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது, இரண்டிலும் மஞ்சள்தான். அதற்குச் சங்குப்பூ நல்லது. நாலைந்து நீலப் பூவை வெந்நீரில் போட்டால் நீலச் சாறு இறங்கும். எலுமிச்சை விட்டால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு, சுண்ணாம்புத் தெளிவு விட்டால் பச்சை. செம்பருத்தி இதழும் இப்படித்தான், அமிலத்தில் சிவப்பு, காரத்தில் பச்சை. 1664-இலேயே ராபர்ட் பாயில் வயலட் பூச்சாற்றை வைத்து இந்த மாற்றத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஆய்வகத்தில் அமிலமா காரமா என்று சோதிக்கும் லிட்மஸும் தாவர உலகத்துக்குப் பக்கத்தில் இருந்து வந்ததுதான். பாறையிலும் மரத்திலும் படரும் லைக்கன்களிலிருந்து எடுப்பது.

பிஎச் என்பது என்ன எண்?

கரைசலில் எவ்வளவு ஹைட்ரஜன் அயனி இருக்கிறது என்பதைச் சுருக்கிச் சொல்லும் எண். 1909-இல் டென்மார்க்கின் சோரென்சன் கொண்டுவந்தது. அவர் வேலை பார்த்தது கோபன்ஹேகனில் ஒரு பீர் ஆலை நடத்திய கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில். நொதிகள் எந்த அளவு புளிப்பில் நன்றாக வேலை செய்யும் என்பதுதான் அவருக்குத் தேவைப்பட்ட கணக்கு. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 0.0000001 மோல் (மூலக்கூறு, அயனிகளை எண்ணும் வேதியியல் அலகு) ஹைட்ரஜன் அயனி இருக்கிறது. இப்படிப் பூஜ்ஜியங்களை எழுதிக்கொண்டே இருந்தால் யாருக்கும் சலிக்கும். புள்ளிக்குப் பிறகு 1 எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஏழாவது இடம். பிஎச் 7.

இடத்தை எண்ணுகிறோம் என்பதால், பிஎச் ஒன்று குறைந்தால் அயனி பத்து மடங்கு கூடும். தேர்வில் அதிகம் தவறுவது இங்கேதான். "பிஎச் 3 உள்ள கரைசல் பிஎச் 6 உள்ளதைவிட எத்தனை மடங்கு அமிலத்தன்மை உள்ளது?" என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் இரண்டு மடங்கு என்று எழுதுகிறார்கள். மூன்று படி இறங்கியிருக்கிறோம், ஆகவே 1000 மடங்கு.

எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி இருக்கும், தயிர் 4.5 அளவில், பால் 6.6 அளவில், சமையல் சோடா கரைத்த தண்ணீர் 8.3 அளவில், தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் 12.4. அளவுகோல் 0-இல் தொடங்கி 14-இல் முடிவதாகப் படம் போட்டிருப்பார்கள். அது வசதிக்காக. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும்.

பிஎச் 7 என்றால் எப்போதும் நடுநிலைதானா?

25 டிகிரி செல்சியஸில் மட்டும். தண்ணீரைச் சூடாக்கினால் அதிக மூலக்கூறுகள் பிரியும். கொதிக்கும் சுத்தமான தண்ணீரின் பிஎச் ஏறக்குறைய 6.1. அதனால் அது அமிலமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஹைட்ராக்சைடு அயனியும் அதே அளவு கூடியிருக்கும். இரண்டும் சமமாக இருந்தால் நடுநிலை, எண் எதுவாக இருந்தாலும் சரி.

வலிமையான அமிலமும் அடர்த்தியான அமிலமும் ஒன்றுதானே?

இல்லை. தமிழில் இரண்டையும் "ஸ்ட்ராங்" என்று சொல்லிப் பழகிவிட்டோம், அதனால்தான் இந்தக் குழப்பம். செறிவு என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் எவ்வளவு அமிலம் போட்டீர்கள் என்ற கணக்கு. அது நம் கையில் இருக்கிறது. வலிமை என்பது போட்ட மூலக்கூறுகளில் எத்தனை உண்மையில் புரோட்டானைக் கொடுக்கின்றன என்பது. அது அந்த அமிலத்தின் பிறவிக் குணம்.

ஒரு லிட்டரில் 0.1 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் போட்டால் ஏறத்தாழ எல்லாமே பிரிந்துவிடும், பிஎச் 1. அதே 0.1 மோல் அசெட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரில் உள்ள அமிலத்தில், 1000 மூலக்கூறுக்குச் சுமார் 13 மட்டும்தான் பிரியும். பிஎச் 2.9 அளவில் நிற்கும். மீதி 987-ம் புரோட்டானைக் கையில் பிடித்துக்கொண்டு, வாங்க யாராவது வந்தால்தான் விடும்.

வலிமை குறைந்தது என்றால் ஆபத்து குறைந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் வலிமை குறைந்த அமிலம்தான். ஆனால் அது கண்ணாடியையே அரிக்கும், தோலுக்குள் இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும்.

நடுநிலையாக்கல் முடிந்தால் பிஎச் 7 வந்துவிடுமா?

அமிலமும் காரமும் ஒன்றை ஒன்று தீர்ப்பதுதான் நடுநிலையாக்கல். வலிமையான அமிலமும் வலிமையான காரமும் சரியான அளவில் சேர்ந்தால் 7 வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் மிஞ்சுவது தண்ணீரும் சாப்பாட்டு உப்பும்தான். அசெட்டிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கினால், முடிவுப் புள்ளி 8.7 பக்கம் போய் நிற்கும். உருவாகும் அசெட்டேட் அயனிக்குத் தண்ணீரிடமிருந்து புரோட்டானை வாங்கும் ஆசை கொஞ்சம் உண்டு, அதனால்.

செய்முறைத் தேர்வில் தரம்பார்த்தல் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிப்பது) செய்யும்போது இந்த முடிவுப் புள்ளியைக் கண்ணால் பார்ப்பீர்கள். கூம்புக் குடுவையில் அமிலம், அதில் இரண்டு சொட்டு ஃபினால்ப்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி), மேலே பியூரெட்டில் (அளவு குறித்த நீளக் கண்ணாடிக் குழாய்) காரம். சொட்டு விழும் இடத்தில் இளஞ்சிவப்பு பூக்கும், குடுவையைச் சுழற்றினால் மறையும். மறைவதற்கு நேரம் கூடிக்கொண்டே வந்தால் முடிவு நெருங்கிவிட்டது, குழாயை இறுக்குங்கள். அப்புறம் ஒரே ஒரு சொட்டு, குடுவை முழுவதும் வெளிறிய இளஞ்சிவப்பு. வெள்ளைத் தாளைக் கீழே வைத்தால்தான் தெரியும் அளவுக்கு வெளிறியிருப்பதுதான் சரியான முடிவு. அடர் சிவப்பு வந்தால் அளவு தாண்டிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த இளஞ்சிவப்பும் தானாக மங்கும், பிள்ளைகள் பயந்துபோய் மேலும் காரம் விடுவார்கள். விடாதீர்கள். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து அமிலம் சேர்வதால் மங்குகிறது. அரை நிமிடம் நிறம் நின்றால் போதும், அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அமிலத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்கிறார்களே, ஏன்?

அடர் கந்தக அமிலம் தண்ணீரோடு சேரும்போது பெருஞ்சூடு கிளம்பும். அந்த அமிலம் தண்ணீரைவிட 1.84 மடங்கு கனமானது. அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் மேலாகவே நின்று, சேருமிடத்தில் கொதித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். தண்ணீரில் அமிலத்தை மெதுவாக, கலக்கிக்கொண்டே விட்டால், கனமான அமிலம் கீழே இறங்கிப் பரவும், சூட்டை நிறையத் தண்ணீர் பங்கிட்டுக்கொள்ளும்.

அமிலமோ காரமோ மேலே பட்டுவிட்டால்? எதிர்ப்பொருளை ஊற்றி நடுநிலையாக்கலாமா?

வேண்டவே வேண்டாம். நடுநிலையாக்கலில் சூடு வரும், வெந்த தோல் மேலும் வேகும். குழாய்த் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள், அமிலம் பட்ட துணியைக் கழற்றிவிடுங்கள், அப்புறம் மருத்துவமனை. தூளான சுண்ணாம்பு கொட்டியிருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டுக் கழுவ வேண்டும்.

கண்ணைப் பொறுத்தவரை அமிலத்தைவிடக் காரம் கொடியது. அமிலம் பட்ட இடத்தில் புரதம் உறைந்து ஓரளவு தடுப்புபோல் நிற்கும். காரம் கொழுப்பைச் சோப்பாக்கி, திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே போகும். கடைகளில் தொங்கும் வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் விளையாட்டாக அழுத்த, அது பீறிட்டுக் கண்ணில் அடித்துப் பார்வை போன குழந்தைகள் உண்டு. தாத்தா பாட்டி வெற்றிலை போடும் வீடுகளில் அந்தப் பாக்கெட்டைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகப் போடாதீர்கள். குளோரின் வாயு வரும். அடைத்த குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும்.

புளி தேய்த்தால் பித்தளை எப்படிப் பளிச்சென்று ஆகிறது?

பித்தளை, செம்புப் பாத்திரத்தின் கறுப்பும் பச்சையும் செம்பின் ஆக்சைடு, கார்பனேட் படலம். இவை காரத்தன்மை கொண்டவை. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் இவற்றோடு வினைபுரிந்து கரைக்கிறது, கீழே புது உலோகம் தெரிகிறது. நம் பாட்டிமார் புளியோடு சாம்பலையும் தொட்டுத் தேய்த்தார்கள். சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட், ஒரு காரம். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சாம்பல், களிம்புக்குப் புளி. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் குழைத்தால் ஒன்றை ஒன்று தீர்த்துவிடும், ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடுவதே நல்லது. பளிங்குத் தரையில் மட்டும் புளியோ எலுமிச்சையோ சிந்தவிடாதீர்கள். பளிங்கு கால்சியம் கார்பனேட், அரித்துப் பளபளப்பு போய்விடும்.

காரத்தன்மையுள்ள தண்ணீர் குடித்தால் ரத்தம் காரமாகி நோய் வராதாமே?

ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில்தான் இருக்கும், நீங்கள் எதைக் குடித்தாலும். பைகார்பனேட் தாங்கல் கரைசல் (பிஎச் எளிதில் மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்), கார்பன் டைஆக்சைடை வெளியேற்றும் நுரையீரல், சிறுநீரகம் மூன்றும் ராப்பகலாக அதைக் காத்துக்கொண்டிருக்கின்றன. தவிர, குடித்த தண்ணீர் முதலில் விழுவது வயிற்றில். அங்கே பிஎச் 1.5 முதல் 3.5 வரை உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் காத்திருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய காரத்தன்மை அங்கேயே தீர்ந்துவிடும். நெஞ்செரிச்சலுக்குத் தரும் மருந்தில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடோ அலுமினியம் ஹைட்ராக்சைடோ இருக்கும். அது வயிற்று அமிலத்தைத் தணிக்கும், அதன் வேலை அவ்வளவுதான்.

எறும்பு கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்தால் சரியாகிவிடுமா?

எறும்பிலிருந்து ஃபார்மிக் அமிலத்தை 1671-இலேயே ஜான் ரே பிரித்தெடுத்தார், அதனால் இந்தக் கருத்து பாடநூல்வரை வந்துவிட்டது. ஆனால் எல்லா எறும்பின் விஷமும் ஃபார்மிக் அமிலமல்ல, தேனீயின் கொடுக்கில் வலி தருவது பெரும்பாலும் புரத வகைப் பொருள்கள். கடித்தது தோலுக்குள் இறங்கிவிட்டது, நாம் வைப்பதோ தோலுக்கு மேல். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி வையுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

எங்கள் நிலம் களர் என்கிறார்கள். அதில் அமிலம் ஊற்ற வேண்டுமா?

விவசாய வீட்டுப் பிள்ளைகள் கேட்பது. களர் நிலத்தின் பிஎச் 8.5-க்கு மேல் போயிருக்கும். காரணம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்ட சோடியம். அது மண்ணை இறுக்கி, தண்ணீர் இறங்கவிடாமல் செய்கிறது. அங்கே ஜிப்சம் போடுவார்கள், அதாவது கால்சியம் சல்பேட். கால்சியம் போய் உட்கார்ந்துகொண்டு சோடியத்தைத் தள்ளிவிடும், தள்ளப்பட்ட சோடியத்தை நல்ல தண்ணீர் நிறுத்தி வடித்துவிட வேண்டும். நீலகிரி மண் இதற்கு நேர் எதிர், அமிலத்தன்மை உள்ளது. தேயிலைக்கு அது பிடிக்கும், ஆனால் மற்ற பல பயிர்களுக்கு அங்கே சுண்ணாம்பு இட்டுத்தான் பிஎச்சை உயர்த்துகிறார்கள். எவ்வளவு போடுவது என்பதை மண் பரிசோதனை செய்து, அந்த அட்டையில் இருக்கும் பிஎச்சைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பக்கத்து வயலுக்குப் போட்ட அளவு உங்கள் வயலுக்குப் பொருந்தாது.